இரண்டாம் முறை வரும் உவமையைப் பிடியுங்கள்

சிறுகதையில் கண்ணில் படும் உவமையையெல்லாம் அடிக்கோடிடாதீர்கள். திரும்ப வருவதை மட்டும் குறியுங்கள், பாதி நேரம் மிச்சம். எட்கர் ஆலன் போ எழுதி 1843-இல் வெளிவந்த 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையில், கதைசொல்லியே ஒரு கிழவரைக் கொல்கிறான்; கொலைக்கு முன் அவருடைய இதயத் துடிப்பு அவனுக்குப் பஞ்சில் பொதிந்த கடிகாரம் போலக் கேட்கிறது. கடைசியில் போலீஸார் உட்கார்ந்திருக்கும்போது அதே உவமை, ஏறக்குறைய அதே சொற்களில். கிழவர்தான் இறந்துவிட்டாரே! அப்படியானால் துடிப்பது யாருடையது? கதையின் முடிச்சே அங்கேதான். கிழவரின் அறைக் கதவைத் திறக்கும் அவன் கை நிமிட முள்ளைவிட மெதுவாக நகர்ந்தது என்பதும் கடிகாரச் சங்கதிதான்.

மொழிபெயர்ப்பில் இது சில சமயம் பலிக்காது: கூறியது கூறல் என்று நினைத்து இரண்டாவது இடத்தில் சொல்லை மாற்றிவிடுவார்கள். 'பால் போல வெள்ளை' மாதிரித் தேய்ந்த உவமைகள் எத்தனை முறை வந்தாலும் விட்டுவிடலாம்.