டியூஷன் சம்பளத்தில் பிடித்த வரி கைக்கு வந்தது

எம்.எஸ்சி. படித்துக்கொண்டே மாலையில் ஒரு நிறுவனத்துக்காக ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுத்தேன். செமஸ்டர் கட்டணத்துக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் சம்பளத்தில் 10% டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடித்தார்கள். அதைத் திரும்பப் பெற வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தும் பணம் வரவில்லை; ரீஃபண்ட் (வரியைத் திருப்பித் தருவது) தோல்வி என்றே காட்டியது.

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணைப் பார்த்தேன், சரி. வங்கிக்கு இரண்டு முறை அலைந்தேன். கணக்கில் குறையில்லை என்றார்கள்.

அப்புறம் பான் அட்டையையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. பாஸ்புக்கில் என் பெயருக்கு முன்னால் வெறும் ‘எஸ்.’, பானில் அதே இடத்தில் அப்பாவின் முழுப் பெயர். நம் ஊர் இனிஷியல்தான்!

பான் நகல் கொடுத்து வங்கியில் பெயரை மாற்றினேன். வருமான வரித் தளத்தில் கணக்கை மறுபடி சரிபார்த்து, ரீஃபண்டைத் திரும்ப அனுப்பக் கோரிக்கை வைத்தேன். பத்தாம் நாள் பணம் ஏறியது. பெரிய நிம்மதி.