வளைந்த தகட்டில் ஓர மடிப்பு: கேட் (CAD, கணினி வடிவமைப்பு) மாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் பெல்ட் கார்டு (ஓடும் பெல்ட்டை மூடும் பாதுகாப்பு உறை) செய்வதாக வைத்துக்கொள்வோம். 16 கேஜ் (சுமார் 1.6 மி.மீ. தடிமன்) சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய ஸ்டீல் தகடு), உள் ஆரம் 300 மி.மீ., அரைவட்ட உறை. வளைந்த ஓரங்கள் கையைக் கிழிக்காமல் இருக்க மடிப்பு வேண்டும். திரையில் இது சின்ன வேலைதான். பேட்டை தொழிற்பேட்டையில் கொடுத்து வெட்டி, உருட்டி, மடக்கும்போதுதான் வம்பு வெளியே வரும்.

மென்பொருள் வரைந்துவிட்டதால் தகடும் அப்படியே மடங்கிவிடும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வளைந்த ஓரத்தில் 20 மி.மீ. உதட்டை உள்பக்கமாக, அதாவது மையத்தை நோக்கி 90 டிகிரியில் நிறுத்துகிறீர்கள். அரைவட்டத்தின் நீளம் ஏறக்குறைய 942 மி.மீ. உதட்டின் நுனி நிற்கும் ஆரம் 280, அங்கே இடமோ 880தான். மிச்சம் 62 மி.மீ. தகடு எங்கே போகும்? சுருங்க வழியில்லாமல் அலை அலையாக நெளியும். வெளிப்பக்கம் மடக்கினால் கதை தலைகீழ்: நுனி சுமார் 6.7 சதவீதம் நீள வேண்டும், லேசர் வெட்டிய ஓரத்தில் சின்னப் பிசிறு இருந்தாலும் அங்கிருந்தே கிழியத் தொடங்கும்.

அதே ஓரத்தைச் சுவரோடு படியவைத்து ஹெம் (தட்டையாக மடித்து அழுத்திய ஓரம்) அடித்தால், இரண்டு அடுக்குக்கும் நீள வித்தியாசம் 5 மி.மீ. மட்டுமே. தடிமனை ஆரத்தால் வகுத்தால் 0.5 சதவீதம்; தகடு தாங்கிக்கொள்ளும். இதே ஹெம்மை 30 மி.மீ. ஆரத்தில் கேட்டால் 5 சதவீதம், அது வேண்டாம். வரையும் முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

நிற்கும் உதடு கட்டாயம் வேண்டுமென்றால், அரை வளையமாகத் தனியே வெட்டி டாக் வெல்டு (இடைவிட்ட புள்ளி வெல்டிங்) வைப்பதே எங்கள் கணிப்பில் மலிவு. ஒரே தகட்டில்தான் வேண்டுமா? 25 மி.மீ.க்கு ஒரு ‘வி’ வெட்டு கொடுங்கள். கணக்குப்படி நுனியில் 1.7 மி.மீ. அகலம் போதும், 2.5 வைப்பது நல்லது. வெட்டின் உள்முனையில், மடிப்பை ஒட்டி, 3 மி.மீ. துளையும் வேண்டும்.

கேட் மென்பொருளான சாலிட்வொர்க்ஸின் பழைய பதிப்புகளில் ஹெம் கட்டளை நேர் ஓரத்தை மட்டுமே ஏற்கும். அதனால் பலர் ஸ்வெப்ட் ஃபிளாஞ்சுக்கு (குறுக்குவெட்டை ஒரு பாதையில் இழுத்து மடிப்பு வரையும் கட்டளை) போகிறார்கள். இன்வென்டர் மென்பொருளில் கான்டூர் ரோல் (குறுக்குவெட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றும் கட்டளை). பிளாட் பேட்டர்ன் (விரித்த தகட்டின் வரைபடம்) வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டாம். தகடு நெளிவதும் கிழிவதும் அதில் தெரியாது. பட்டறைக்கு நேர்ப் பட்டையாக ஒரு மாடல் கொடுங்கள்: முதலில் 10 முதல் 12 மி.மீ. ஹெம், பிறகு உருட்டல். ஹெம் உள்ள இடம் இரட்டைத் தடிமன் என்பதால், ரோலின் நுனியில் உள்ள குரூவில் (பள்ளத்தில்) அது உட்காருமா என்று முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். அசெம்பிளியில் காட்டும் உருண்ட மாடல் தனியே இருக்கட்டும்.

கே ஃபேக்டரை (வளைக்கும்போது நீளம் மாறாத நடுநிலைக் கோடு தடிமனில் எங்கே இருக்கிறது என்னும் பின்னம்) எல்லா வளைவுக்கும் ஒன்றாக வைப்பது அடுத்த தவறு. பெரிய ஆரத்தில் உருட்டும்போது நடுநிலைக் கோடு தடிமனின் நடுவில் இருக்கும்: 0.5. அப்படிக் கணக்கிட்டால் மேலே சொன்ன உறையின் நீளம் 945 மி.மீ.; 0.44 போட்டாலும் 0.3 மி.மீ.தான் மாறும். இறுக்கமான 90 டிகிரி மடிப்பில் அப்படியில்லை. உள் ஆரம் 1.6 என்றால், 0.5க்கும் 0.33க்கும் இடையே ஒரு மடிப்புக்கு 0.4 மி.மீ. வித்தியாசம், நான்கு மடிப்பில் 1.7. ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் இன்னொரு பொறி உண்டு. அன்ஃபோல்டு செய்யும்போது (மாடலைத் தட்டையாக விரிக்கும்போது) கே ஃபேக்டர் ஆன்சியா (அமெரிக்க முறை), டின்னா (ஜெர்மன் முறை) என்று கேட்கும். டின் மதிப்பு ஆன்சியைப் போல இரண்டு மடங்கு. மாற்றிப் போட்டால் மொத்த நீளமும் தப்பு.

கேஜ் எண்ணை நம்பியும் மாடல் போடாதீர்கள். அமெரிக்க அட்டவணையில் 16 கேஜ் ஸ்டீல் 1.52 மி.மீ.; நம் கடைகளில் 1.6. மைக்ரோமீட்டரில் அளந்து மி.மீ.யில் எழுதுங்கள்.

முழு உருளையானால் ஒரு பிளவு இல்லாமல் விரியாது, 0.1 மி.மீ. விட்டாலும் போதும். வளைந்த முகத்தில் துளை போட்டால் வெட்டு தகட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சரிந்த சுவர் வரும், லேசரில் அதை வெட்ட முடியாது. விரித்து, வெட்டி, மறுபடி மடக்குவதே சுலபம்.

மூன்று ரோல் மிஷினில் தகட்டின் இரு நுனியும் வளையாமல் நேராக நிற்கும். மாடலில் அது தெரியாது. நுனிகளைப் பிரஸ் பிரேக்கில் (தகடு மடக்கும் மிஷினில்) முன்கூட்டி வளைக்கச் சொல்லுங்கள், அல்லது இரு பக்கமும் கூடுதல் நீளம் விட்டுப் பின்னால் வெட்டுங்கள். எவ்வளவு என்பதை ரோல் போடுபவரிடமே கேளுங்கள்; மிஷினுக்கு மிஷின் மாறும்.

டி.எக்ஸ்.எஃப். (லேசர் வெட்டுக்கான வரைபடக் கோப்பு) அனுப்பும்போது மடிப்புக் கோடுகள் தனி லேயரில் இருக்கட்டும். வெட்டுக் கோட்டோடு கலந்து போனால், ஆபரேட்டர் கவனிக்காத நாளில் ஹெம் தனிப் பட்டையாக வெட்டுப்பட்டு வந்து சேரும்.