பிள்ளையின் திறமை பிறவியா, வினையா, பழக்கமா: பெற்றோர் பிரித்தறியும் முறை

ஒரு பிள்ளை சட்டென்று தாளம் பிடித்துவிட்டால் உறவினர்கள் "ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது" என்பார்கள். ஜாதகம் பார்ப்பவர் ஐந்தாம் இடமாகிய பூர்வ புண்ணிய ஸ்தானத்தைக் காட்டி "போன ஜென்மத்து வாசனை" என்பார். வாத்தியாரோ "எல்லாம் பழக்கம்தான்" என்று முடித்துவிடுவார். வேலூர்ப் பக்கத்தில் பிள்ளையைப் பாட்டுக்கோ, பளுதூக்குவதற்கோ, தெருக்கூத்துக்கோ சேர்க்க நினைக்கும் பெற்றோர் இந்த மூன்று பேச்சையும் கேட்டுக் குழம்பிப்போகிறார்கள். மூன்றிலும் உண்மை உண்டு. எது எவ்வளவு என்பதைப் பிள்ளையை வைத்தே ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் உடலமைப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். உயரமும் எலும்பின் அமைப்பும் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருபவை; தசை இழைகளின் வகையும் ஓரளவு அப்படித்தான். கைப்பந்தில் உயரமான பிள்ளைக்குக் கிடைக்கும் வசதியைக் குட்டையான பிள்ளை பயிற்சியால் முழுமையாக ஈடுகட்ட முடியாது. இதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை. ஆனால் உடல் தரும் வசதியையே திறமை என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்ததாக வீட்டைப் பாருங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அவருடைய தந்தையும் பளுதூக்கும் வீரர். இதைக் கேட்டவுடன் "அப்பன் ரத்தம்" என்று சொல்வது எளிது. ஆனால் வீரரின் வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தசை மட்டுமா கிடைக்கிறது? எடையை எப்படிப் பிடிக்க வேண்டும், முதுகை எந்த நிலையில் வைக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், தோற்ற மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் சோற்றோடு சேர்ந்தே கிடைக்கின்றன. அதே சத்துவாச்சாரியிலிருந்து வேறு குடும்பங்களைச் சேர்ந்த வீரர்களும் வந்திருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடமும் கற்றுக்கொடுக்க மூத்தவர்களும் இருக்கும் இடத்தில் திறமை தெரு முழுவதும் முளைக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளை மற்றவர்களைவிட முன்னால் நிற்பதாகத் தோன்றினால், அவன் மூன்று வயதிலிருந்து எதைக் கேட்டும் பார்த்தும் வளர்ந்தான் என்பதை முதலில் கணக்கிலெடுங்கள். பின்தங்கி நிற்பதாகத் தோன்றினாலும் அதையே செய்யுங்கள்.

வினைப்பயன் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். "ஒருமைக்கண் தான்கற்ற கல்வி ஒருவற்கு எழுமையும் ஏமாப் புடைத்து" என்கிறது குறள். ஒரு பிறவியில் கற்றது ஏழு பிறவிக்கும் துணையாகும் என்றால், இன்று வரமாகத் தெரிவது முன்பு எப்போதோ ஒருவர் உட்கார்ந்து கற்றதுதான் என்று ஆகிறது. அந்தக் கொள்கையின்படியே பார்த்தாலும் திறமையின் தொடக்கம் உழைப்பில்தான் இருக்கிறது. "இவனுக்குக் கொடுப்பினை இல்லை" என்று சொல்லிப் பயிற்சியை நிறுத்துவதற்கு வினைக் கொள்கை இடம் கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையின் காதுபட அந்தச் சொல்லைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

பயிற்சியின் பங்கையும் மிகைப்படுத்த வேண்டாம். எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பெர்லினில் வயலின் பயின்ற சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரத்துக்கு மேல் தனியே பயின்றிருந்தார்கள். அது சராசரி மட்டுமே. அத்தனை மணி நேரம் பயின்றால் யாரும் மேதையாகலாம் என்ற வாக்குறுதி அதில் இல்லை. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசையில் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டில் சுமார் 21 விழுக்காட்டையும் விளையாட்டில் சுமார் 18 விழுக்காட்டையும் மட்டுமே பயிற்சியின் அளவு விளக்கியது. இருந்தாலும் நம் கையில் இருப்பது அந்தப் பங்குதான்.

எனவே, முதல் நாள் நன்றாகச் செய்தானா என்பதை வைத்து முடிவு கட்டாமல், குறைந்தது மூன்று மாதம் கவனியுங்கள். திருத்திய பிழை மறுபடி வருகிறதா, வந்தால் அவனே அதைக் கண்டுகொள்கிறானா, யாரும் சொல்லாமலே தனியாக அதைச் செய்து பார்க்கிறானா என்று பாருங்கள். இந்த மூன்றாவது அறிகுறியைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரியதாக மதிக்கிறேன்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கூத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பையன் சுழன்று முடிக்கும் இடத்தில் அவனுடைய கால் தாளத்துக்குப் பிந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடவு முழுவதையும் நூறு முறை ஆடச் சொன்னால் பிழையும் நூறு முறை பழகிவிடும். அந்தக் கடைசிச் சுற்றை மட்டும் பிரித்தெடுத்து, முதலில் ஆடாமல் நின்றபடியே சொற்கட்டை, அதாவது தாளத்துக்குரிய ஓசைச் சொற்களை, வாயால் சொல்லிக் கையால் தாளம் போடச் செய்யுங்கள். "தொம்" விழும் இடம் காதில் நிலைத்த பிறகு மெதுவான காலத்தில் பாதம் பதியட்டும். பிந்தினால் அந்தக் கணமே நிறுத்தித் திருத்த வேண்டும். சரியான பிறகுதான் வேகம் கூடலாம். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் ஏறியவுடன் சுழற்சியின் நிதானம் மாறிவிடும். மரம் இலேசானது என்றாலும் அவற்றைக் கட்டிக்கொண்டு மறுபடி தொடக்கத்திலிருந்து பழக வேண்டும். சிறு பிள்ளைக்கு இவ்வளவு கவனத்தோடு அரை மணி நேரம் போதும். களைத்த பிறகு செய்யும் பயிற்சியால் பயனில்லை. அன்று இரவு அவன் நன்றாகத் தூங்க வேண்டும்.

நல்ல வாத்தியாரிடம் இப்படி ஓர் ஆண்டு பழகியும் முன்னேற்றமோ விருப்பமோ தென்படவில்லை என்றால், கலையையே விட்டுவிடச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பதைக் காட்டுங்கள். ஒரு கூத்துக் குழுவில் வேடக்காரருக்கு மட்டும் வேலை இல்லை. மிருதங்கம், முகவீணை என்ற சிறிய ஊதுகுழல், ஆர்மோனியம், பின்பாட்டு, முகம் எழுதுதல் என்று பலவும் உண்டு. கால் பிந்துகிற பையனை மிருதங்கக்காரரின் அருகில் ஒரு மாதம் உட்கார வைத்துப் பாருங்கள். மூன்று மாதக் கவனிப்பை அங்கிருந்து புதிதாகத் தொடங்கலாம்.