வைப்பர் நின்றால் முதல் பழி மோட்டாருக்கா?

வேலை கற்க வரும் பையன்களைப் பார்க்கிறேன். கண்ணாடி துடைக்கும் வைப்பர் ஓடவில்லை என்று வண்டி வந்தால் போதும், கை நேரே மோட்டாருக்குப் போகிறது. பிளேடு தேய்ந்ததா, ஃபியூஸ் போனதா என்பதெல்லாம் தெரிந்த கதை, அதை விடுங்கள். அவர்கள் செய்யும் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

சத்தத்தைக் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது

ஸ்விட்சைப் போட்டுக் காது கொடுங்கள். மோட்டார் உறுமுகிறது, ஆனால் வைப்பர் அசையவில்லை என்றால் ஒயரிங்கை நோண்ட வேண்டியதில்லை. மோட்டாரின் சுற்றலை வைப்பருக்குக் கொண்டுபோகும் கம்பிகள், அதாவது லிங்க்கேஜ், கழன்றிருக்கும், இல்லை பிளேடைத் தாங்கும் ஆர்மின் நட்டு லூசாகியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஓடினால் முதலில் அந்த நட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அதிக ஆம்பியர் தாங்கும் பெரிய ஃபியூஸ் போடுவது

ஒயர் எரியும்.

ஆர்ம் உட்காரும் தண்டான ஸ்பிண்டிலைப் பார்க்காமல் புது மோட்டார் மாட்டுவது

எத்தனை தடவை சொன்னாலும் நடக்கிற தப்பு இது. பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஒரு பையன் ஃபியூஸ் போகிறதென்று புது மோட்டார் மாட்டி அனுப்பிவிட்டான். அடுத்த மழையிலேயே வண்டி திரும்பி வந்தது, மறுபடியும் ஃபியூஸ் போயிருந்தது. மோட்டாரிலிருந்து லிங்க்கேஜைக் கழற்றி, "இப்போ ஆர்மைக் கையால் ஆட்டிப் பார்" என்றேன். இரண்டு கையால் தள்ளியும் நகர மாட்டேன் என்றது. ஸ்பிண்டில் மேலிருக்கும் ரப்பர் மூடி வெடித்துத் தண்ணீர் இறங்கியிருந்தது. அலுமினியக் கூட்டுக்குள் வெள்ளைப் பொடி பூத்து, இரும்புத் தண்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அவன் கழற்றி எறிந்த பழைய மோட்டாருக்கு நேரடியாக கரண்ட் கொடுத்தேன், ஜோராகச் சுற்றியது!

இறுகிய தண்டைத் தள்ள முடியாமல் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். ஃபியூஸ் போகும், இல்லை மோட்டாரே கருகும். சில மோட்டார்களில் உள்ளேயே ஒரு பிரேக்கர் உண்டு. சூடானால் நிறுத்தும், ஆறியதும் மறுபடி ஓடவிடும். இதை லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து ஒயரை அறுத்துக்கொண்டிருப்பார்கள்.

காசு கொடுப்பதற்கு முன் இரண்டையும் பிரித்துச் சோதியுங்கள். லிங்க்கேஜ் கையால் லேசாக ஆட வேண்டும், மோட்டார் தனியாகச் சுற்ற வேண்டும். ஃபியூஸைப் பிடுங்காமல் மட்டும் லிங்க்கேஜுக்குள் விரலை விடாதீர்கள். திடீரென்று ஓடினால் நசுக்கிவிடும்.

மீட்டரை மட்டும் நம்புவது

கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால், பச்சைக் களிம்பு பூத்த கனெக்டர் ஊசியிலும் 12 வோல்ட் காட்டும். மோட்டார் கரண்ட் இழுக்கும்போதுதான் அந்த வோல்ட் விழும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்பால் பாருங்கள், மங்கலாக எரிந்தால் கோளாறு அந்த வழியில்தான். லேம்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸிலும் மறுமுனையை மோட்டாரின் எர்த் ஒயரிலும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) வைத்துப் பாருங்கள். எர்த்தை யாரும் பார்ப்பதே இல்லை.

ஆர்மை நினைத்த இடத்தில் மாட்டுவது

ஆர்ம் இல்லாமலே ஸ்விட்சைப் போட்டு அணையுங்கள். மோட்டார் தன் பார்க் நிலைக்கு, அதாவது அணைத்ததும் ஓய்ந்து நிற்கும் இடத்துக்கு, வந்து நிற்கும், அதன் பிறகு மாட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் வீச்சிலேயே பிளேடு கண்ணாடி ஓரத்துச் சட்டத்தில் போய் அடிக்கும்.