சாட்ஸ்வொர்த் குதிரை லாயம்: டிக்கெட் தேவையில்லை

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்குச் செல்பவர்கள், நுழைவு டிக்கெட் வாங்காமலேயே அதன் குதிரை லாயத்தைப் பார்த்துவிடலாம். ஜேம்ஸ் பெயின் வடிவமைத்து 1760களில் எழுந்த அந்தக் கட்டடத்தில் இப்போது கடைகளும் உணவகங்களும் இயங்குகின்றன. அதனால் நடுமுற்றம் வரை யாரும் போகலாம். உள்ளே விரைவதற்கு முன் முகப்பில் சற்று நில்லுங்கள். தடித்த தூண்கள் தாங்கும் வாயில், அதன்மேல் கடிகாரக் கோபுரம் என்று குதிரைகளுக்காகவே ஓர் அரண்மனை! எனக்கு மாளிகையைவிட இதுவே பிடிக்கும்.

கார் நிறுத்தக் கட்டணம் தனி. மாளிகைக்கும் தோட்டத்துக்கும் டிக்கெட் கட்டாயம். லாயம் கட்டண எல்லைக்குள் அமைந்த பிற மாளிகைகளில் இந்த வழி உதவாது.