சாய்தளம் கட்டியாயிற்று, அப்புறம்? உள்ளடக்கிய பள்ளியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்த நடுநிலைப் பள்ளியின் முன்வாசலில் மூன்று படிகள். ஓரத்தில் ஒரு சாய்தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி, பளிச்சென்று மஞ்சள் பெயின்ட். ஆனால் ஏழாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பெண் அதில் ஏற வேண்டுமென்றால் பின்னால் இரண்டு பையன்கள் தம் கட்டித் தள்ள வேண்டும். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாகத்தான் இறக்க முடியும். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள்.

கணக்கு ரொம்பச் சாதாரணமானது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். படி ஒன்று அரையடி என்றால் மூன்று படிக்கு ஒன்றரை அடி உயரம், ஆக 18 அடி சாய்தளம் வேண்டும். அங்கே இருந்தது ஆறடி. இடம் இல்லை என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார், சரி என்று விட்டுவிட்டார்கள். நேராக 18 அடி போக இடமில்லாவிட்டால் நடுவில் ஒரு சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. கழிப்பறைக்கு நாலு விரல் உயர வாசற்படி, இரண்டடி அகலக் கதவு. நாற்காலி உள்ளே நுழையாது. ஒருநாள் சாயங்காலம் அவள் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தற்செயலாகத் தூக்கிப் பார்த்தேன். காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்தது அப்படியே இருந்தது. "குடிச்சா போகணும் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சித்திரை வெயிலிலும் காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

மாற்றுத்திறன் குழந்தைகள் மற்றவர்களோடு சேர்ந்து படிப்பதுதான் உள்ளடக்கிய பள்ளி. அவர்களுக்குக் கற்க உதவும் சிறப்புப் பயிற்றுநராகப் பத்து வருடத்துக்கு மேல் பள்ளி பள்ளியாகப் போய் வருகிறேன். கெட்ட மனதோடு ஒரு குழந்தையை ஒதுக்கியவர்களை நான் பார்த்தது குறைவு. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அந்தக் குழந்தையின் ஒரு முழு நாளைக் கூட நடந்து பார்க்காமல் செய்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு செங்கல் வாங்குவதற்கு முன், அந்தக் குழந்தையோடு வாசலில் தொடங்கி வகுப்பு, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சத்துணவு சாப்பிடும் இடம், கணினி அறை என்று ஒரு சுற்று போய் வாருங்கள். எங்கே நிற்கிறது, எங்கே மற்றவர் கை தேவைப்படுகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கதவு மூன்றடி அகலம் இருக்க வேண்டும். தாழ்ப்பாள் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டியதில்லை.

"எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது, இவனுக்கென்று இருக்கிற பள்ளியில் சேருங்கள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அது தவறு. அரசு நிதி பெறும் பள்ளிக்கும், அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளிக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இப்போது 21. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் அடங்கும். சேர்த்துக்கொண்ட பிறகு நடப்பதைத்தான் நான் பேச விரும்புகிறேன்.

"சோம்பேறி, எழுதவே மாட்டான்"

கற்றல் குறைபாடு உள்ள குழந்தைக்கு நடக்கும் அநியாயம்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பது என் அனுபவம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பேச்சு தெளிவாக இருக்கும். நரியும் காகமும் கதையைக் கேட்டால் நடித்தே காட்டுவான். அதையே நோட்டில் எழுதச் சொன்னால் இரண்டு வரி, அதிலும் பாதி அடித்தல். உடனே 'சோம்பேறி', 'கவனமில்லை' என்று ஒட்டிவிடுகிறோம்.

தமிழ் எழுத்தை அவன் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். 'கோ' என்று சொல்லும்போது க் என்ற ஒலி முதலில் வருகிறது, ஓ பிறகு. எழுதும்போதோ இரட்டைக்கொம்பை முதலில் போட வேண்டும், அப்புறம் க, அப்புறம் கால். காதில் கேட்கும் வரிசையும் கை எழுதும் வரிசையும் வேறு வேறு. 'கடல்' என்பதில் ஒரு க, 'தங்கம்' என்பதில் ஒலிக்கும்போது வேறொரு க, எழுத்து மட்டும் ஒன்று. ர, ற, ல, ள, ழ, ந, ன, ண. நமக்குப் பழகிவிட்டதால் இது பாரமாகத் தெரியவில்லை. அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு புதிர். ஒரு பக்கம் கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் பாடம் என்ன என்பதே மறந்துபோகும்.

அவனை எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். பத்துத் தடவை எழுதிவரச் சொல்லாதீர்கள், பத்துத் தடவையும் அதே தப்பைத்தான் எழுதுவான். அறிவியலில் அவனுக்கு என்ன தெரியும் என்று தெரிய வேண்டுமானால் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். படிப்பது வேறு, புரிவது வேறு. ஒன்றுக்காக இன்னொன்றின் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம்.

அதே நேரம், பின்தங்கிய எல்லாக் குழந்தைக்கும் குறைபாட்டுப் பெயர் சூட்டுவதும் தவறுதான். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையனுக்குத் தேவைப்பட்டது மூக்குக்கண்ணாடி மட்டும்தான். திருப்பூர்ப் பக்கமும் செங்கல் சூளைகளிலும் வேலைக்கு வந்த குடும்பத்துக் குழந்தைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது ஒடியாவோ இந்தி மொழியோவாக இருக்கும். அதை 'மெல்லக் கற்போர்' பட்டியலில் எழுதிவிட்டால் அந்தக் குழந்தையின் கதை அதோடு முடிந்தது.

பட்டியல் என்றதும் இன்னொன்று. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வைத்தார்கள். குழந்தை இன்று நிற்கும் இடத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் "அரும்பு பசங்க எல்லாம் அந்தப் பக்கம் போங்க" என்று வருடம் முழுக்க ஒரே மூலையில் உட்கார வைத்தால், குழந்தை தன் பெயரே அரும்பு என்று நினைத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு தடவையாவது குழுக்களைக் கலைத்துப் போடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் ஜனவரியில்தான் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிடுகிறார். சான்று வாங்க மருத்துவமனைக்கு அலையும் நேரத்தில் பிள்ளையின் படிப்பு போய்விடும். அப்படியே கிடைத்தாலும், வாழ்நாளில் ஒரு விடையைக்கூட இன்னொருவருக்குச் சொல்லி எழுத வைத்துப் பழகாத பிள்ளையைத் தேர்வு மண்டபத்தில் தெரியாத ஆளுக்கு முன்னால் உட்கார வைக்கிறோம். எங்கே நிறுத்திச் சொல்வது, கணக்கின் படிகளை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் எட்டாம் வகுப்பிலிருந்தே பழகிவர வேண்டியவை.

தலையாட்டினால் கேட்டது என்று அர்த்தமில்லை

காது மெஷின் மாட்டிவிட்டால் கண்ணாடி போட்ட மாதிரி எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மெஷின் டீச்சர் குரலோடு ஃபேன் சத்தத்தையும், பெஞ்சு இழுபடும் சத்தத்தையும், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டையும் சேர்த்தே கூட்டிக் கொடுக்கும். அதனால் குழந்தை உதட்டைப் பார்த்துத்தான் மீதியைப் பிடிக்கிறது. நாமோ கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுகிறோம். அல்லது ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கிறோம், வெளிச்சம் பின்னால் இருப்பதால் முகம் இருட்டாகிவிடுகிறது. எழுதி முடித்துத் திரும்பி, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று பேசினாலே பாதி வேலை முடிந்தது.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புரியாவிட்டாலும் தலையாட்டுவார்கள். "நான் இப்ப என்ன சொன்னேன், நீ சொல்லு" என்று கேளுங்கள். அப்புறம், மெஷினில் பேட்டரி இருக்கிறதா என்று காலையில் ஒரு தடவை பாருங்கள். பேட்டரி தீர்ந்து மூன்று நாளாக வெறும் பிளாஸ்டிக்கைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை எனக்குத் தெரியும். திட்டுவார்களோ என்று வீட்டிலும் சொல்லவில்லை.

'பாவம்' என்கிற சொல்

விளையாட்டு நேரத்தில் வகுப்பில் தனியாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், பெரும்பாலும் அது காலில் குறைபாடு உள்ள பிள்ளையாக இருக்கும். எல்லார் பையையும் பார்த்துக்கொள்ளும் வேலை. "வெயில்ல எதுக்கும்மா, நீ இங்கேயே இரு" என்று அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் யோசித்த பள்ளிகள் மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கோர் எழுதச் சொல்கின்றன. அதுவும் விளையாட்டு இல்லை. எல்லாருமே தரையில் உட்கார்ந்து பந்து எறிகிற மாதிரி விதியை மாற்றிப் பாருங்கள், வகுப்பே சிரித்துக்கொண்டு விளையாடும்.

வீட்டுப்பாடம் தராமல் விடுவது, எழுதாத தாளுக்குப் பாஸ் போடுவது எல்லாம் இந்தப் 'பாவம்' என்ற சொல்லின் வேலை. அந்தக் குழந்தையிடம் நாம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று அதற்கே சொல்லிவிடுகிறோம்.

சிறப்புப் பயிற்றுநரிடம் ஒப்படைத்துவிடுவதும் இதற்கு அடுத்த வீடுதான். நான் வாசலில் நுழைந்ததும், "டீச்சர், உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் வந்திருக்காங்க" என்பார்கள். உடனே பாடத்திலிருந்து எழுப்பி வராந்தாவுக்கு அனுப்புவார்கள். வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பயிற்றுநர்களை அனுப்பும் வட்டார வள மையத்திலிருந்து ஒரு பள்ளிக்கு நான் வாரத்தில் ஒருநாள் வந்தாலே பெரிது. மற்ற நாட்களில் அவர்கள் யார் பிள்ளைகள்? என்னை வகுப்புக்குள் விடுங்கள். பாடத்தை எப்படிச் சுருக்கலாம், கேள்வியை எப்படி மாற்றலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து யோசிக்கலாம். கடும் பாதிப்புள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெறும் வாய்ப்பைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தந்தது. அதைக் காட்டி, வரக்கூடிய பிள்ளையையும் வீட்டிலேயே வைப்பது அந்தச் சட்டத்துக்குச் செய்யும் துரோகம்.

எல்லார் முன்னாலும் அடையாளம் காட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதவித்தொகைப் படிவம் வந்ததும், "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் கேட்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரைச் சக மாணவர்களே வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் சாதி காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, ஆசிரியரே எழுப்பி நிறுத்தினால் எப்படி? ஊனச் சான்று கேட்பதும் அப்படித்தான். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதைப் பள்ளியில் எல்லாருக்கும், சத்துணவு அக்கா உட்பட, கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், இரும்பால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் வைக்கக் கூடாது. கை கால்களைப் பிடித்து அமுக்கக் கூடாது. இடிக்கிற பொருளை விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணி பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்திலேயே அம்மாவை உட்கார வைத்துப் பேசுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன், ஆட்டிசம். திடீரென்று எழுந்து வெளியே ஓடுவான், அடம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அவன் அம்மாவிடம் எப்போதெல்லாம் இப்படிச் செய்வான் என்று கேட்டேன். "தகரத்து மேல மழை விழுற சத்தம் அவனுக்கு ஆகாது டீச்சர். வீட்டுலயும் காதைப் பொத்திக்கிட்டு ஓடுவான். ஒண்ணாப்புல இருந்து இதை யாரும் என்கிட்ட கேக்கலையே" என்றார். அவன் வகுப்புக்குத் தகரக் கூரை. பக்கத்தில் இருந்த நூலகம் கான்கிரீட். இப்போது மழை வந்தால் அவன் தன் நோட்டோடு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறான்.