ரோட்டரி டூலில் கம்பி பிரஷ்: நாம் விடும் தவறுகள்

காலபோகத்துக்கு உழவு தொடங்கும் முன், புரட்டாதியில், வன்னியில் எந்த வளவுக்குப் போனாலும் கழற்றிப் போட்ட இரும்பு கிடக்கும். லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெஷினின் நட்டும் போல்ட்டும், வாட்டர் பம்பின் மூடி, மண்வெட்டி, கத்தி என எல்லாவற்றிலும் கறள். முன்பு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மரப்பிடி போட்ட பிரஷால் கை நோகத் தேய்ப்போம். இப்போது பல வீடுகளில் சின்ன ரோட்டரி டூல், அதாவது கையில் பிடித்து ஓட்டும், முனை வேகமாகச் சுழலும் கரண்ட் மெஷின், வந்துவிட்டது. அதில் பூட்டும் கம்பி பிரஷ்களும் பைக்கற்றாக மலிவாகக் கிடைக்கின்றன. நானும் அவற்றைத்தான் பாவிக்கிறேன், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிரஷ் கம்பி உதிர்க்கும். உதிரும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

பிரஷுக்கு முன் இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டம் கொத்தும்போதோ கிணறு இறைக்கும்போதோ கிடைத்த, இன்னதென்று தெரியாத கறள் பிடித்த இரும்பில் ஒருபோதும் பிரஷ் வைக்காதீர்கள். போர் 2009இல் முடிந்தாலும் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் நிலத்துக்குள் வெடிக்காத பொருட்கள் இன்னும் இருக்கின்றன. பழசு, ஈரத்தில் கிடந்தது, இனி வெடிக்காது என்று நினைப்பது பிழை. பிரஷின் அதிர்வும் சூடும் போதும். கழுவவோ தூக்கி நகர்த்தவோ வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, மற்றவர்கள் கிட்டப் போகாதபடி தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள்.

சரி, தெரிந்த இரும்புக்கு வருவோம். அதிகம் பேர் விடும் தவறு வேகம். ரோட்டரி டூல் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேலும் ஓடும். அதற்கென நல்ல கம்பெனிகள் செய்யும் உருக்குக் கம்பி பிரஷுக்கே 15,000 சுற்றுத்தான் எல்லை. மலிவுப் பைக்கற்றில் பெரும்பாலும் எந்த எண்ணும் அச்சிட்டிருக்காது. எண் இல்லையென்றால் 15,000ஐ உச்சமாக வைத்து, அதற்கும் கீழிருந்து தொடங்குங்கள். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிரஷின் விளிம்பு 15,000 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. ஏ9 வீதியில் பஸ் ஓடுகிற வேகம் அது. 30,000இல் அது 140 ஆகிறது. வேகம் இரண்டு மடங்காகும்போது கம்பியை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. மலிவுப் பிரஷில் கம்பிக் கற்றையை ஒரு சின்னத் தகட்டுக்குள் நசுக்கிப் பிடித்திருப்பார்கள், அவ்வளவுதான். நான்கு மடங்கு இழுவையை அந்தப் பிடி தாங்காது.

கறள் போகவில்லை என்றவுடன் வேகத்தைக் கூட்டுவதும், கையால் அழுத்துவதும் நம் எல்லோருக்கும் வருகிற பழக்கம். வேலை செய்வது கம்பியின் நுனி. அழுத்தினால் கம்பி மடங்கி, நுனி இரும்பில் படாமல் பக்கம்தான் உரசும். கறள் போகாது, கம்பி சூடாகி வேரிலேயே முறியும். பிரஷ் மெதுவாகத் தொட்டுக்கொண்டு போகட்டும். தடித்த கறளை முதலில் பழைய உளியால் சுரண்டிவிட்டு, மிச்சத்தைப் பிரஷிடம் விடுங்கள். இரும்பின் ஓரத்தில் வைக்கும்போது கம்பி ஓரத்தைத் தாண்டி வெளியே போகிற பக்கமாகப் பிடியுங்கள். ஓரத்துக்கு எதிராக வந்தால் சிக்கி, டூல் கையை உதறும்.

பிரஷின் தண்டையும் பாருங்கள். தண்டை இறுக்கிப் பிடிக்கும் வாய்க்குக் கொலெட் என்று பெயர், பல டூல்களில் அது 3.2 மில்லிமீற்றர் தண்டுக்கானது. பைக்கற்றில் 2.35 மில்லிமீற்றர் தண்டுள்ள பிரஷும் வரும். அதைப் பெரிய கொலெட்டில் முறுக்கினால் இறுகியது போலத் தெரியும், ஓட்டியதும் ஆடும். அளவான கொலெட் போட்டு, தண்டை முடிந்தவரை உள்ளே தள்ளி இறுக்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வளைந்துவிடும்.

புதுப் பிரஷைப் பூட்டியதும் நேரே இரும்பில் வைப்பது இன்னொரு தவறு. வேலை செய்யப் போகிற வேகத்திலேயே ஒரு நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். தளர்ந்திருந்த கம்பிகள் அப்போதே பறந்துவிடும். அந்த ஒரு நிமிடமும் பிரஷ் சுழலும் தளத்துக்கு நேரே உங்கள் முகமோ வேறு யாரோ இருக்கக் கூடாது. நான் ஒருமுறை இதைச் செய்யாமல் பம்பின் போல்ட் ஒன்றில் வைத்தேன். வேலை முடிந்து சேட்டைக் கழற்றும்போது நெஞ்சுப் பக்கத்தில் மூன்று கம்பிகள் ஊசி போலக் குத்தி நின்றன. கழுத்துக்கு மேலே வந்திருந்தால் என்ற நினைப்பு அன்று இரவு முழுக்க இருந்தது.

வாசிக்கப் போடும் கண்ணாடி இதற்குப் போதாது, பக்கவாட்டால் கம்பி வரும். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். முகம் மறைக்கும் கவசமும் இருந்தால் கண்ணாடிக்கு மேலே போடுங்கள். வேடிக்கை பார்க்க வருகிற பிள்ளைகளுக்குக் கண்ணாடி இல்லை, ஆகவே அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கண்ணில் கம்பி பட்டால் கசக்கவோ பிடுங்கவோ கூடாது. கண்ணில் முட்டாதபடி ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நோவு குறைவு என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கண்ணுக்குள் தங்கும் இரும்புத் துண்டு நாட்பட்டுப் பார்வையைக் கெடுக்கும். சுழலும் கம்பி பிரஷில் வேலை செய்தபோது பட்டது என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணுக்குள் இரும்பு இருந்தால் காந்தத்தால் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பது ஆபத்து.

தொளதொளத்த துணிக் கையுறை வேண்டாம், கம்பி அதைச் சுற்றிக்கொள்ளும். சாரத்தின் தலைப்பையும் கவனியுங்கள். கரண்ட் நின்றால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது டூல் தானாக ஓடத் தொடங்கும்.

எந்த உலோகத்துக்கு எந்தக் கம்பி என்பதிலும் பிழை விடுகிறோம். அலுமினியத்தையும் எவர்சில்வரையும் சாதாரண உருக்குக் கம்பியால் தேய்த்தால் இரும்புத் துகள் மேலே ஒட்டி, சில நாளில் அங்கேயே கறள் தெரியும். எவர்சில்வருக்கு எவர்சில்வர் கம்பிதான் சரி. காபரேற்றர் போன்ற மெல்லிய பாகத்துக்குப் பித்தளைக் கம்பி நல்லது. ஆனால் பித்தளை நிறத்தில் விற்பதெல்லாம் பித்தளை இல்லை. காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது பூச்சுப் பூசிய உருக்கு, பொறியும் பறக்கும். பெற்றோல் நனைந்த பாகத்தையும், வைக்கோல் போருக்குப் பக்கத்திலும் தேய்க்கக் கூடாது.

வேலை முடிந்ததும் டூலை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். உதிர்ந்த கம்பி முற்றத்து மணலில் கிடக்கும். வெறுங்காலில் ஏறும், அதைவிட மாட்டுக்குக் கெடுதி. மாடு புல்லோடு கம்பியையும் விழுங்கிவிடும். அது வயிற்றுச் சுவரைக் குத்தி நெஞ்சுப் பக்கம் ஏறினால் மாடு தின்னாமல் மெலிந்து செத்தும் போகும். நான் படங்கு ஒன்றை விரித்து அதன் மேல்தான் வேலை செய்கிறேன். முடிந்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஷொப்பிங் பைக்குள் போட்டுப் படங்கிலும் சுற்றியுள்ள மணலிலும் இரண்டு தரம் இழுப்பேன். பிறகு பையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிக் காந்தத்தை எடுத்தால், காந்தத்தில் ஒட்டிய கம்பியெல்லாம் பைக்குள் இருக்கும். அதை முடிச்சுப் போட்டு, மூடியுள்ள பால்மா டின்னில் போட்டு வைக்கிறேன்.